ஈரம் பார்த்து வாங்கிய வண்டி

தமிழ்த்துறையின் மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டவர்கள், வழக்கம்போல் இலக்கியம் பற்றியே எழுதித் தருவேன் என்று எண்ணியிருப்பார்கள். முன்பொரு மலரில் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் பெய்யும் மழையைப் பற்றி எழுதினேன். அரபு மண்ணில் தமிழ்நாட்டு மழையைப் பெய்வித்து, தமிழ்நாட்டு ஆற்றையும் ஓடவிட்ட உமறுப்புலவரின் துணிவை அதில் வியந்திருந்தேன். இம்முறையும் மழையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆயின் இது புலவர் பெய்வித்த மழையன்று; என் தம்பியின் பணப்பையை நனைத்த மழை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுவது ஆதாயமா என்று மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

என் தம்பி சிவகாசியில் அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் இடையே காகிதம், அட்டைப்பெட்டி, வண்ணச் சீட்டு முதலியவற்றை ஏற்றி இறக்கும் சிறு தொழில் செய்பவன். குட்டியானை என்று மக்கள் அன்போடு அழைக்கும் சிறு சரக்குந்து ஒன்றே அவனுடைய முதல். 2023ஆம் ஆண்டின் தீபாவளி முடிந்த கையோடு அந்த முதலும் தேய்ந்து, பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். புது வண்டி வாங்க வசதியில்லை. வட்டிக்குக் கடன் வாங்க மனமில்லை. அது எங்கள் வீட்டில் என்றும் வழக்கமில்லை. இந்த நிலையில்தான் அந்த டிசம்பரில் தெற்கே வெள்ளம் வந்தது.

எங்கள் விருதுநகர்ச் சீமை வானம் பார்த்த பூமி. சிவகாசிக்கு மழை விருந்தாளியும் அல்லன், உறவினனும் அல்லன். வந்தால் வேலை நிற்கும். வெடிமருந்தும் திரியும் காய வேண்டும், ஒட்டிய குழல் காய வேண்டும், அச்சடித்த தாள் காய வேண்டும். அத்தகைய ஊரில் பிறந்த எங்களுக்கு, 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்ற செய்தி முதலில் விளங்கவே இல்லை. எங்கள் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைக் காட்டிலும் அது மிகுதி. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏரலும் ஆத்தூரும் நீர் நடுவே தீவுகளாயின. வீடுகளையும் நெல்லையும் வாழையையும் இழந்தவர்களின் துயரத்தின் நடுவே வண்டிகளின் இழப்பைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. ஒரு மாதம் கழிந்த பின்பு பேசத் தொடங்கினார்கள், பேசியவர்கள் தரகர்கள்.

இவ்வகை வாணிகம் புதிதன்று. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஆயிரக்கணக்கான மகிழுந்துகள் நீரில் நின்றன. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், அதை முழு இழப்பாகக் கொண்டு மதிப்புத் தொகையைக் கொடுத்துவிடுவது காப்பீட்டு நிறுவனங்களின் நடைமுறை. அவ்வாறு கழித்த வண்டிகள் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர்கள் கழுவித் துடைத்து, வண்ணம் பூசி, வெள்ளமே காணாத ஊர்களில் கொண்டுபோய் விற்பார்கள். வெள்ளமே காணாத ஊருக்கு எங்கள் ஊரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு ஏது?

தம்பிக்கு முதலில் காட்டப்பட்ட வண்டி அத்தகையதே. பக்கத்து நகரம் ஒன்றில் தரகர் ஒருவர் வைத்திருந்தார். பளபளவென்றிருந்தது. "ஒரே கை ஓட்டின வண்டி பாய், மெட்ராஸ்ல காய்கறி மட்டும் ஏத்தினது" என்றார். உள்ளே மல்லிகை மணம் வீசியது. சரக்கு வண்டிக்குள் மல்லிகை மணம் எதற்கு என்று எனக்குத் தோன்றியதே தவிர, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உடன் வந்த பட்டறைக்காரர் தரகரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. ஓட்டுநர் இருக்கையின் பாதுகாப்புப் பட்டையைப் பிடித்து, அது எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரமும் இழுத்தார். அன்றாடம் நாம் இழுக்கும் அளவுக்குப் பட்டை சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் வந்த பகுதியில் காய்ந்த சேறு, கோடு போட்டது போல் இருந்தது. பிறகு இருக்கைக்கு அடியில் விரலை விட்டுத் திருகாணிகளைத் தடவினார். விரல் துருவோடு வெளியே வந்தது. முன்விளக்கின் கண்ணாடிக்குள் மெல்லிய நீர்க்கறை. "வாங்க சார், டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த விரலைப் பார்த்தவுடன் எனக்கு அத்தாவின் கை நினைவுக்கு வந்தது. எங்கள் அத்தா விருதுநகரில் வற்றல் வாணிகம் செய்தவர். மூடை வந்து இறங்கியதும் மேலே கிடக்கும் மிளகாயைப் பார்க்கவே மாட்டார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, மூடையின் நடுவயிற்றுக்குள் கையை நுழைப்பார். எடைக்காக நீர் தெளித்த வற்றல் உள்ளே வெதுவெதுவென்றிருக்குமாம். நான்கு நாளில் பூசணம் பிடித்துவிடும். மேலே சருகாகக் காய்ந்த வற்றலைப் பரப்பியிருப்பார்கள். அப்படிப்பட்ட மூடை ஒன்றைத் திருப்பியனுப்பிய அன்று, சிறுவனாயிருந்த எனக்கு மதீனாக் கடைத்தெருவில் நடந்த நிகழ்ச்சியைக் கூறினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வணிகரின் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். மழையில் நனைந்ததற்காக அந்த வணிகர் கண்டிக்கப்படவில்லை, நனைந்த பொருளை விற்கக்கூடாது என்றும் அவரிடம் சொல்லப்படவில்லை என்பது, அந்தத் தரகரின் கடைக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனத்தில் பட்டது.

ஜனவரி மாதக் கடைசியில் காயல்பட்டினத்திலிருந்து தகவல் ஒன்று வந்தது. உறவினரின் உறவினர் ஒருவர், வயதில் மூத்தவர், மளிகைக் கடைக்காரர். கடைக்குச் சரக்கேற்றிய 2014ஆம் ஆண்டுக் குட்டியானையை விற்க விரும்புகிறார் என்றார்கள். தம்பியும் நானும் அருப்புக்கோட்டை வழியாகப் பேருந்தில் போனோம். எட்டயபுரத்தைக் கடக்கையில், மழையைப் பாடிய புலவர் அடங்கியிருக்கும் ஊர் இதுவன்றோ என்று தம்பியிடம் கூறினேன். அவன் கைப்பேசியில் பழைய வண்டிகளின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரியவர் முதலில் வண்டியைக் காட்டவில்லை; சுவரைக் காட்டினார். கடையின் உட்சுவரில் என் மார்பளவுக்குப் பழுப்பு நிறக் கோடு ஒன்று நேராக ஓடியது. "தண்ணி இது வரைக்கும் நின்னிச்சு தம்பி. வண்டி அந்தா அங்கே, பள்ளத்துல நின்னிச்சு. முழுசா முங்கிடிச்சு. மூணு நாள்." பிறகு அவர் சொன்ன செய்தியின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. "அன்னையிலேர்ந்து ஒரு தடவகூட சாவி போடல. பேட்டரி ஒயரை நானே கழட்டிட்டேன். மகன் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னு நின்னான், விடல." காப்பீடு மூன்றாம் நபருக்கு உரியது மட்டுமே, ஆகவே அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 68,000 ரூபாய் கேட்டார். வெள்ளத்தில் சிக்காத அதே வயதுடைய வண்டி அப்போது 1,95,000 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. விலையைக் குறைக்குமாறு கேட்கத் தம்பி வாயெடுத்தான். நான் அவன் கையைத் தொட்டேன். மூன்று நாள் நீரில் நின்ற கடையில் அவர் இழந்த அரிசியும் சர்க்கரையும் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்த பின்பு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. "காக்கா, எங்களுக்குச் சம்மதம்" என்றேன். அது ஆசிரியர்களுக்கே உரிய தாராளம், பணம் தம்பியுடையது.

சாவி போடாததன் அருமையைச் சிவகாசிப் பட்டறையில்தான் அறிந்தேன். இயந்திரத்தின் உருளைக்குள் காற்றை அழுத்தலாம். நீரை அழுத்த இயலாது. உள்ளே நீர் நிற்கும்போது வண்டியைக் கிளப்பினால், மேலேறும் பிஸ்டனை நீர் தடுக்கும்; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில வேளைகளில் முறிந்து இயந்திரத்தின் உடலையே துளைத்துவிடும். நீரில் நின்ற வண்டி தன்னளவில் பாதி உயிரோடுதான் இருக்கிறது. "ஓடுதா பார்ப்போம்" என்று ஆவலில் சாவியைத் திருப்பும் கையே அதைக் கொன்றுவிடுகிறது. அதனால்தான் இப்படிக் கெட்டுப்போகும் இயந்திரத்துக்குச் சாதாரணக் காப்பீடு பல நேரங்களில் ஈடு தருவதில்லை. அதற்கெனத் தனிக் கூடுதல் காப்பு எடுத்திருக்க வேண்டும். காயல்பட்டினத்துப் பெரியவருக்கு இந்த விளக்கமெல்லாம் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. மகனைத் தடுத்தார், அது போதுமானதாயிற்று.

வேறொரு நன்மையும் இருந்தது. அது கணினிப் பெட்டி ஏதுமில்லாத பழைய வகை டீசல் இயந்திரம். இக்கால மகிழுந்துகளில் மூளை போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும், மோதலின்போது விரியும் காற்றுப்பைகளின் உணர்விகளும், ஆயிரம் இணைப்புகளும் உள்ளன. அவற்றுள் புகுந்த ஈரம் உடனே காட்டிக்கொடுக்காது. ஆறு மாதம் கழித்து, இரவில், நெடுஞ்சாலையில் காட்டிக்கொடுக்கும். ஆகவே புதிய மகிழுந்து ஒன்று முழுகிக் கிடந்தால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதன் பக்கம் போக வேண்டாம் என்பதே பட்டறைக்காரரின் கருத்து. எங்கள் வண்டியை மூழ்கடித்தது மழைநீர், கடல்நீரன்று என்பதையும் அவர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். உப்பு நீரென்றால் தொட்டிருக்கவே மாட்டாராம்.

இயந்திரத்தைத் திறந்தபோது உள்ளிருந்த எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வழிந்தது. டீசல் தொட்டியின் அடியில் ஒரு விரற்கடை வண்டல். நான் சில மாலைகளில் அங்கே போய் அமர்வேன். செல்ஃப் மோட்டாருக்குத் 'தொடக்கி' என்றும், பேரிங்குக்குத் 'தாங்கி' என்றும் தமிழ்ச் சொற்கள் இருப்பதை எடுத்துக் கூறினேன். "நல்லா இருக்கு சார். ஆனா கடையில இந்தப் பேரைச் சொன்னா சாமான் தர மாட்டான்" என்றார் பட்டறைக்காரர். அதற்குப் பின் நான் வாய் திறக்கவில்லை.

45,000 ரூபாயில் முடியும் என்று தொடங்கிய வேலை 83,400 ரூபாயில் முடிந்தது. அவர்மீது குறையில்லை. வெள்ளம் புகுந்த வண்டியில் ஒன்றைக் கழற்றினால் அதற்குப் பின்னாலிருப்பது தெரியும். அதைக் கழற்றினால் அதற்கும் பின்னாலிருப்பது தெரியும். சக்கர பேரிங்குகளைக் கடைசியாகப் பார்க்கலாம் என்றிருந்தார்கள், நான்கிலும் சேறு. வேலைக்கு 47 நாள் ஆயிற்று. அந்த 47 நாளும் தம்பி பிறருடைய வண்டியை வாடகைக்கு வைத்துத் தன் வாடிக்கையைக் காப்பாற்றினான். அதனால் நாளொன்றுக்கு 700 ரூபாய் கூடுதல் செலவு. காயல்பட்டினத்திலிருந்து வண்டியை ஏற்றிவந்த கூலி 6,500. ஓரிரவு நான் தாளில் கணக்குப் போட்டேன். வாங்கியதும் பழுது பார்த்ததும் சேர்ந்து 1,51,400. நல்ல வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் 43,600. வாடகைக்குப் போனது 32,900. ஏற்றுகூலி போக நின்றது 4,200 ரூபாய். இதற்காகவா இத்தனை பாடு என்று நான் நினைத்தேன். தம்பி அவ்வாறு நினைக்கவில்லை. நல்ல வண்டிக்குரிய 1,95,000 ரூபாய் ஒரே நாளில் தன்னிடம் இருந்ததில்லை என்றும், இது கொஞ்சம் கொஞ்சமாகப் போன பணம் என்றும் கூறினான். என் கணக்கில் அந்தப் பத்தி இல்லை.

உண்மையான சிக்கல் ஆவணி மாதத்தில் எழுந்தது. தீபாவளி நெருங்கினால் சிவகாசியில் காகிதம் ஏற்றும் வண்டிக்கு ஒரு வாடகை, பட்டாசு ஏற்றும் வண்டிக்கு வேறு வாடகை. வண்டியை ஒப்படைத்த அன்றே பட்டறைக்காரர் கேட்டிருந்தார்: "இதுல என்ன ஏத்தப் போறீங்க பாய்? பேப்பர்னா ஓட்டுங்க. வெடின்னா இந்த வண்டிக்கு நான் ஜவாப்தாரி இல்ல." ஒயரிங் முழுவதும் புதிதாகப் போட்டு, அதற்கு மட்டும் 14,800 ரூபாய் வாங்கியிருக்கிறீர்களே என்று தம்பி வாதிட்டான். "நான் மாத்துனதுக்குப் பொறுப்பு நான். மாத்தாம விட்டதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார்.

எங்கள் பகுதியைச் சேராத மாணவர்களுக்கு இது மிகையச்சமாகத் தோன்றலாம். பட்டாசு ஆலையின் மருந்து அறைகளில் இரும்புக் கருவி நுழையாது, மரமும் பித்தளையுந்தான். தரையில் ரப்பர் விரிப்பு, கால் வெறுங்கால். ஒரு பொறிக்கு அங்கே அவ்வளவு மரியாதை. நீரும் அங்கே நண்பனன்று. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அன்று மாலை விருதுநகரிலும் சிவகாசியிலும் மருத்துவமனை வாசலில் நின்றவர்களுள் நானும் ஒருவன். என் மாணவர் ஒருவரின் உறவினரைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த மாலையைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆயினும் தம்பிக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது. 2024 செப்டம்பரில், இரண்டு வாரத்துக்கு மட்டும், ஆலையிலிருந்து கிடங்குக்குப் பட்டாசு ஏற்ற ஒத்துக்கொண்டுவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. வேலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, திருத்தங்கல் சாலையில் அட்டைப்பெட்டிச் சுமையோடு இருட்டும் நேரத்தில் வந்துகொண்டிருந்தான். முன்விளக்கைப் போட்டிருக்கிறான், ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. விளக்குச் சுவிட்சு நன்றாயிருக்கிறது என்று பழையதையே பொருத்தியிருந்தார்களாம். அதன் வயிற்றுக்குள் வெள்ளத்தின் ஈரம் ஒன்பது மாதமாக உட்கார்ந்து செம்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. இறங்கி பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டான். ஓர் அட்டைகூடக் கருகவில்லை. சுவிட்சும், அதோடு சேர்ந்து போன டைனமோவும் 7,800 ரூபாய். என் தாளில் நின்றிருந்த 4,200 அன்றே போய், 3,600 ரூபாய் நட்டத்தில் வந்து நின்றது.

இரவு பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நாளை மறுநாள் இதுல வெடி ஏத்த இருந்தேன்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. என் மனைவி சோறு எடுத்துவைத்தாள், சாப்பிட்டுவிட்டுப் போனான். கட்டணத்துக்கு நான் கொஞ்சம் கொடுத்தேன். அவன் மாமியார் கொஞ்சம் கொடுத்தார்கள்.

அதன்பின் அந்த வண்டி காகிதத்தையும் அட்டையையும் தவிர வேறெதையும் ஏற்றவில்லை. மழைக்காலத்தில் மட்டும் உள்ளேயிருந்து ஆற்றுச் சேற்றின் மணம் லேசாக எழும். எத்தனை சாம்பிராணி போட்டும் அது போகவில்லை. மற்றபடி அது உழைத்தது; அதை மறுக்க முடியாது.

2025 மே மாதத்தில், சற்றுப் பெரிய வண்டி வாங்குவதற்காக இதை விற்க முன்வந்தான். அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கோழித் தீவனம் ஏற்றுவதற்கு வேண்டுமாம். புதிய இருக்கை, புதிய வண்ணம், ஒருமுறை அழுத்தியதும் கிளம்பும் இயந்திரம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். 1,70,000 வரை தரலாம் என்று அவராகவே சொன்னார். பாதுகாப்புப் பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. "வண்டில எதுவும் பிரச்சின இல்லையே, சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆசிரியன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மதீனாக் கடைத்தெருவின் நிகழ்ச்சியை வகுப்பறையில் பலமுறை சொன்ன நான், அப்போது பேசவில்லை. வண்டி என்னுடையதன்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 3,600 ரூபாய் நட்டமும் நினைவுக்கு வந்தது, மறைப்பதற்கில்லை. சில நொடிகளே இருக்கும்.

தம்பி வண்டிக்குள் ஏறினான். ஓட்டுநர் பக்கத்துப் பட்டையைப் பிடித்துக் கடைசி வரை இழுத்து, இளைஞரின் கையில் கொடுத்தான். எத்தனை கழுவியும் போகாத பழுப்புக் கோடு அதில் இருந்தது. "காயல்பட்டினத்து வெள்ளத்துல மூணு நாள் கிடந்த வண்டி. என்னென்ன மாத்துனேன்னு பட்டறைச் சீட்டு இருக்கு, தாரேன். வெடி மட்டும் ஏத்தாதீங்க" என்றான்.

இளைஞர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நெடுநேரம் யோசித்தார். பிறகு 1,38,000 என்றார். அவரும் ஏதோ விசாரித்துத்தான் வந்திருக்கிறார் போலும். புறப்படும் முன் இன்னொன்று கேட்டார். "தண்ணிக்குள்ள நின்னப்ப யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலையே?"

"ஒரு தடவகூட சாவி போடல" என்றேன் நான். அன்று நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.